பிளாட்ஜெட் பிறந்த குடில்

ஏழையின் மரக்குடிலில்தான் அமெரிக்காவின் மேன்மை பிறக்கிறது. வங்கி முதலாளி ஹிராம் பிளாட்ஜெட்டும் அதில்தான் பிறந்தார். அறுபதாவது வயதில், தேர்தலுக்காக. இண்டியானா வெயிலில் பட்டுத்தொப்பி மின்ன, புதுக் குடிலின் பைன் மரச் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கிறார். எதிரே சோளக்கொல்லைக்காரர்கள், கையில் அவர் ஊற்றிக்கொடுத்த ஆப்பிள் மது, சட்டைப்பையில் இன்னும் போடாத ஓட்டுச்சீட்டு. "நான் பொறந்த வீடு இது!" என்று முழங்குகிறார். "போன செவ்வாய்க்கிழமை நான்தானேய்யா கட்டினேன்!" என்கிறார் தச்சர் லெமுவல். "அப்போ பிரசவம் பார்த்ததும் நீதானாடா, லெம்?" என்று முட்டைக்காரி டார்கஸ் கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அந்தச் சிரிப்போடு ஓட்டுகளும் கைநழுவிப் போய்க்கொண்டிருக்கின்றன. பிளாட்ஜெட் மார்பை நிமிர்த்துகிறார். "சிரிங்கடா, நல்லா சிரிங்க! நீங்க நம்புற வரைக்கும் இங்கேயிருந்து ஓரடி நகர மாட்டேன்!" கூட்டம் கலைந்து போகிறது. அவர் நகரவில்லை. கோட்டின் முதுகு மரப்பிசினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.