பாசல் போன கார்

"இது என்ரை மகன்தான் எண்டு ஆர் சொன்னது? சும்மா ஒரு கறுத்த முகத்தைக் காட்டிப்போட்டுக் காசு கேக்கிறியளோ?"

யோகம் கைப்பையை மேசையில் போட்ட சத்தத்தில் அந்த வாடகைக் கார் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த சயந்தன் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டான்.

அவன் இந்த வேலையில் சேர்ந்து ஆறு மாதம் முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. அதுவரை எந்த நேரமும் வீட்டுக்கு அனுப்பலாம். தெரிந்த முகம் என்று இரண்டு தமிழர்களுக்கு, காரை நாட்டு எல்லை தாண்டி ஓட்டியதற்கான கட்டணத்தை விட்டுக்கொடுத்து, மேலாளர் லூக்காஸிடம் ஏற்கெனவே நன்றாக வாங்கிக் கட்டியிருந்தான். "இந்தக் காசும் வராவிட்டால் நீயும் வரவேண்டாம்" என்று லூக்காஸ் காலையில்தான் சொல்லியிருந்தான். இப்போது கண்ணாடி அறைக்குள் இருந்து பார்த்துக்கொண்டும் இருந்தான்.

வந்து வாய்த்ததோ யோகம். வீட்டுக்காரன் கூட்டிய வாடகையைக் கடிதம் எழுதி எழுதியே குறைப்பித்தவள் என்று ஹனோவர் கோயிலில் பேர் எடுத்த மனுசி.

"அக்கா, ஆறுதலாக் கதைப்பம்," என்றான் சயந்தன். "உங்கடை மகன் துவாரகன் போன மாதம் எங்களிட்டைக் கார் எடுத்தவர். ஜெர்மனிக்குள்ளை மட்டும்தான் ஓடுவன் எண்டு எழுதித் தந்தவர். ஆனா இஞ்சையிருந்து ஏழு மணித்தியாலம் ஓடிச் சுவிசுக்குப் போயிருக்கிறார். சொல்லாமல் எல்லை தாண்டினதுக்கு நூற்றைம்பது யூரோ. அங்கை பாசல் நகரத்திலை வேகமா ஓடிக் கமராவிலை பிடிபட்ட தண்டம் நூற்றிருபது. அந்தத் தண்டக் கடிதத்தை நாங்கள் பாத்த கூலி நாற்பது."

"கடிதம் பாக்கவும் கூலியோ? நான் நாள் முழுக்க ஜெர்மன் கடிதம்தான் பாக்கிறன். எனக்கு ஆர் தாறான்?"

"மகனையே வரச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"அவன் ரெண்டு கிழமையா வேலைக்கே போறேல்லை, இஞ்சையோ வரப்போறான்? தனக்காக நான் கதைக்கலாம் எண்டு அவன் கையெழுத்து வைச்ச கடிதம் தந்திட்டன்தானே. என்னோடை கதையுங்கோ."

வேலை இல்லை, ஆகவே காசு இல்லை. இந்தப் பாட்டைச் சயந்தன் முன்பும் கேட்டிருக்கிறான். இந்த முறை இளகுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

போன கிழமை மூன்று தரம் ரெலிபோன் எடுத்து, தெளிவான படம் காட்டாமல் ஒரு சதமும் தரமாட்டேன் என்று சண்டை பிடித்தவள் அவள். அதற்காகவே சுவிஸ் பொலிசுக்கு எழுதிப் பெரிய படமாக எடுப்பித்து வைத்திருந்தான். அதைத் திரையில் போட்டு, பக்கத்தில் துவாரகனின் சாரதி அனுமதிப் பத்திரப் பிரதியையும் வைத்தான்.

"வடிவாப் பாருங்கோ. நெத்தியிலை அதே தழும்பு."

யோகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். கீழே இருந்த நாளையும் நேரத்தையும் விரலால் தொட்டுப் படித்தாள்.

"நேரம் பிழையா இருக்கலாம்," என்றாள்.

"ஏழாம் திகதி, சனிக்கிழமை, பின்னேரம் ஆறு நாற்பது. சுவிஸ்காரன்ரை கமரா அக்கா. நேரம் பிழைக்காது."

"நீங்கள் வாயாலை சொல்லுறது ஆருக்கு வேணும்? எழுதித் தாங்கோ."

சயந்தனுக்கும் ரோசம் வந்துவிட்டது. படத்தில் காரை ஓட்டுபவர் எங்கள் வாடிக்கையாளர் துவாரகன்தான், இன்ன இடம், இன்ன நாள், இன்ன நேரம் என்று ஜெர்மனில் தட்டச்சு செய்து, படத்தோடு அச்செடுத்து நீட்டினான். யோகம் ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள்.

"சீல் எங்கை?"

குத்தினான்.

"உங்கடை மேலாளரின்ரை கையெழுத்து?"

அதற்குள் லூக்காஸே பொறுமை இழந்து வெளியே வந்துவிட்டான். "அம்மா, நீங்கள் எத்தனை கேள்வி கேட்டாலும் படத்தில் இருப்பது உங்கள் மகன்தான்," என்றான் ஜெர்மனில். "நீதிமன்றத்துக்குப் போனாலும் நான் வந்து இதையே சொல்வேன்."

"வந்து சொல்வீர்களா?" என்று யோகமும் ஜெர்மனிலேயே கேட்டாள்.

"கட்டாயம் சொல்வேன்."

"அதையும் எழுதிக் கையெழுத்து வையுங்கள்."

லூக்காஸ் பேனையை அழுத்திய அழுத்தில் கடதாசி கிழியாததுதான் குறை. எழுதினான், கையெழுத்தும் வைத்தான்.

யோகம் கைப்பையைத் திறந்து வங்கி அட்டையை எடுத்து வைத்தாள். "முழுக்க எடுங்கோ தம்பி. கடிதம் பாத்த கூலியையும் எடுங்கோ."

லூக்காஸ் சயந்தனின் தோளில் தட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனான். சயந்தனின் வேலை தப்பிவிட்டது. ஆனாலும் அவனுக்கு எரிச்சல் ஆறவில்லை.

"இவ்வளவு சுகமாக் கட்டுறதுக்கு ஏன் அக்கா என்னை இந்தப் பாடு படுத்தினியள்?"

யோகம் அந்தக் கடதாசியை மடிக்காமல் கொள்ளாமல் ஒரு உறைக்குள் வைத்தாள். உறையை ஒட்டி, கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள்.

"பாசலிலை இருக்கிற என்ரை மகள், இவன் அண்டைக்குத் தன்னட்டைத்தான் வந்தவன் எண்டு தலைகீழா நிண்டு சொல்லிப் பாத்தவள். கூடப்பிறந்தவளின்ரை சொல்லு செல்லாதாம்."

"ஆர் சொன்னது செல்லாதெண்டு?" சயந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பொலிசு. அந்தச் சனிக்கிழமை பின்னேரம், இஞ்சை ஹனோவரிலை, தான் வேலை செய்யிற கடையின்ரை பூட்டை உடைச்சவன் என்ரை பிள்ளையாம், தம்பி."