சொல்லுக்கு ஓர் ஆள்

பதினேழாவது கேள்வியில் அம்மா வந்து நின்றாள்.

திரையில் 'டோசைல்' என்ற ஆங்கிலச் சொல். கீழே ஐந்து பொருள்கள். சரியானதை அழுத்த வேண்டும். ஓரத்தில் கடிகாரம் நாற்பது நொடி மிச்சம் என்றது.

வெளிநாட்டில் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு. இந்த முறையும் விட்டால் கதை முடிந்தது.

எண்ணூறு சொற்களை மண்டையில் ஏற்ற, பயிற்சி மைய மாஸ்டர் ஒரு குறுக்குவழி சொல்லியிருந்தார். ஒவ்வொரு சொல்லையும் ஓர் அட்டையில் எழுதி, அதற்குத் தெரிந்த ஆள் ஒருவரை ஒட்டிவிட வேண்டும். சொற்கள் விட்டுப்போகும், சொந்தக்காரர்கள் அவ்வளவு சுலபத்தில் விட்டுப்போக மாட்டார்கள்.

அப்படித்தான் பெரியப்பா 'பார்சிமோனியஸ்' ஆனார். விருந்தாளி வந்தாலும் மின்விசிறியின் வேகத்தை ஒன்றுக்கு மேல் வைக்காத கஞ்சன். ராங் நம்பரோடும் அரை மணி நேரம் பேசுகிற அத்தை, 'காருலஸ்'. அப்பாவுக்கு மட்டும் பதினோரு அட்டை. ஒன்றைக்கூட அவரிடம் காட்ட முடியாது.

அட்டையின் முன்பக்கம் ஆங்கிலம். பின்பக்கம் தமிழில் பொருளும் ஆளும். ஆங்கிலம் தெரியாத அம்மாதான் எனக்குப் பரீட்சை வைப்பாள். துணி மடித்தபடியே ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவாள், நான் சொல்வதைப் பின்பக்கத்தோடு ஒத்துப்பார்ப்பாள். அத்தை அட்டையை மட்டும் இரண்டு தடவை கேட்பாள்.

போன வாரம் ஒரு அட்டையைப் புரட்டிப் பார்த்தவள், கேட்காமலேயே ஒதுக்கி வைத்தாள். எந்த அட்டை என்று நான் கவனிக்கவில்லை.

இருபது நொடி. பொருள் வரவில்லை. ஆள் மட்டும் வந்தாள், அம்மா, அதுவும் இன்று காலை நின்ற கோலத்தில்.

பாஸ்போர்ட் இல்லாமல் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள். படித்தது போதும் என்று அப்பா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டிருந்தார். போன வருடமும் இதே பீரோ, இதே பூட்டு. அன்று அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அழுது முடிக்கும்வரை துடைத்தாள்.

இன்று நேராகப் போய் அந்தச் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். சட்டை அப்பாவின் உடம்பில் இருந்தது.

"நீங்க உக்காருங்க. அவ பரீட்சைக்குப் போறா."

அப்பா உட்கார்ந்தார். பின்னால் நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. நல்லவேளை, இருந்தது.

எட்டு நொடி.

அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டே ஐந்து பொருளையும் படித்தேன். 'யாருக்கும் அடங்காத' என்று ஒன்று இருந்தது. வேறென்ன வேண்டும்? யோசிக்காமல் அழுத்தினேன். பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சரிபார்க்க அட்டைக் கட்டைக் கலைத்தேன். மூன்று தடவை தேடியும் 'டோசைல்' கிடைக்கவில்லை.

அம்மா தன் மூக்குக்கண்ணாடியை எடுத்து வரச் சொன்னாள். கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். கண்ணாடிக்கு அடியில், இரண்டாக மடித்த அட்டை.

பின்பக்கத்தில் என் கையெழுத்து.

'பொருள்: யார் என்ன சொன்னாலும் அடங்கிப்போகிற. ஆள்: அம்மா.'