முதல் சொட்டு

முயல்களில் பரிசோதித்தவரே முதல் சொட்டைத் தம் இமையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஆய்வகத்தின் வழக்கம். இந்த முறை, கண்மையில் சேர்க்கப்போகும் ஒரு வேரின் சாறு. ஆறு முயல்களின் இடது கண்ணில் சாற்றையும் வலது கண்ணில் வெறும் உப்புநீரையும் விட்டு, மூன்று நாள் பார்த்து, பன்னிரண்டு கண்களிலும் சிவப்பில்லை என்று ஜெசிந்தாதான் கையெழுத்துப் போட்டிருந்தாள். எல்லோரும் சூழ்ந்து நின்று கைதட்டினார்கள். இயக்குநர் கமலவேணி, இருந்த ஒரே சாற்றுக் குப்பியை எடுத்து மூடியைத் திருகினார். டக்கென்று சீல் உடைந்தது.

ஜெசிந்தா உடைந்த சீலைப் பார்த்தாள். மூன்று நாளைக்கு முன்பே உடைந்திருக்க வேண்டிய சீல் அது. அன்று அவள் திருகிய இரண்டு குப்பிகளும் சத்தமே இல்லாமல் திறந்துகொண்டன. சீல் இல்லாதவை உப்புநீர்க் குப்பிகள் மட்டுமே; அப்படியென்றால் இரண்டிலும் இருந்தது உப்புநீர்தான்.

"மேடம், ஒரு நிமிஷம்..."

"என்னம்மா, உன் முயலுங்க மேலயே உனக்கு நம்பிக்கை இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். கமலவேணியின் விரல்கள் அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தின. முயல்களை அவள் பிடிப்பாளே, அதே பிடி.

"கண்ண மூடிக்க. சும்மா சில்லுன்னு இருக்கும், அவ்வளவுதான்."

முயல்களிடம் அவளும் அதைத்தான் சொல்லியிருந்தாள்.