எல்லோரும் கேட்ட பரிசு

“கிழிக்காம பிரிங்க. திரும்ப நான்தானே சுத்தணும்?”

மனைவி சொன்னது போதகரின் காதில் ஏறவில்லை. பதினேழாவது பரிசுப் பொட்டலத்தின் வயிற்றைக் கீறி, உள்ளே இருந்த டிபன் பாக்ஸைத் திறந்து, ஸ்பூனை எடுத்துப் போட்டுவிட்டு விரலால் துழாவினார்.

“இதுலயும் இல்ல” என்றார். சொல்ல முயன்றார் என்பதுதான் சரி. மேல்வரிசைப் பல் இல்லாத வாயிலிருந்து வார்த்தையைவிடக் காற்றுதான் அதிகம் வந்தது.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு இன்னும் ஐம்பது நிமிடம். முப்பத்தெட்டுப் பக்கப் பிரசங்கம் மேசையோரம் தயாராக இருந்தது. மூன்று மாத உழைப்பு. போன வருடம் அவர் இரண்டே முக்கால் மணி நேரம் பேசியபோது சபையே கண்ணை மூடி ரசித்தது. இந்த வருடம் அதையும் மிஞ்சிவிடுவது என்று இருந்தார். காலையில் எழுந்து பார்த்தால் பல்செட்டைக் காணோம்.

நேற்று மாலை பொட்டலம் கட்டும்போது டேப்பைப் பல்லால் கடித்து இழுத்தார். பல்செட் ஆட்டம் கண்டது. கழற்றி மேசைமேல் வைத்தார். அவ்வளவுதான் நினைவு.

“மேசைமேல வெச்சது எங்க போகும்? ஏதாவது பொட்டலத்துக்குள்ளதான் விழுந்திருக்கும்” என்று காலையில் துப்புக் கொடுத்ததே மனைவிதான்.

குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. எல்லா டிபன் பாக்ஸிலும் ஸ்பூன். எதைக் குலுக்கினாலும் பல் மாதிரியே சத்தம் போட்டது.

“ஏன் எல்லாருக்கும் டிபன் பாக்ஸ் வாங்கினே?” போதகர் இருபத்தோராவதைப் பிரித்தபடி எரிந்து விழுந்தார். “அவங்கவங்களுக்கு என்ன வேணுமோ சீட்டுல எழுதிப் போடச் சொன்னேன். கேட்டதைக் கொடுத்தாத்தான் கொடுக்கிறதுல சந்தோஷம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நாப்பத்திரண்டு குடும்பமுமா டிபன் பாக்ஸ் கேட்டுச்சு?”

“எல்லாரும் ஒண்ணேதான் கேட்டாங்க. ஆனா டிபன் பாக்ஸ் இல்ல. அவங்க கேட்டது கடையில கிடைக்கல. அதான் இது.”

“அப்படி என்ன கேட்டாங்க?”

“முதல்ல பல்லைத் தேடுங்க. யார் வீட்டுக் குழந்தையாவது பிரிச்சுப் பார்த்து, உங்க பல்லு இளிச்சா ஜென்மத்துக்கும் கோயில் பக்கம் வராது.”

வாசலில் செருமல் கேட்டது. கோயில் மணியடிப்பவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“ஐயா, முதல் மணி அடிச்சாச்சு.”

போதகர் எழுந்து அவர் முன்னால் போய் நின்று, ஒத்திகையாக, “சகோதர சகோதரிகளே” என்றார்.

மணியடிப்பவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நல்லா இருக்குங்கய்யா. முன்வரிசைக்குக் குடை கொடுத்துடலாம்.”

“நீயே படிச்சிடுய்யா, முப்பத்தெட்டுப் பக்கம்தான்.”

“நான் நாலாம் வகுப்போட நின்னவன்யா. முப்பத்தெட்டை எண்ணவே எனக்கு மத்தியானம் ஆயிடும்.”

“அம்மா, நீயாவது...” என்று மனைவி பக்கம் திரும்பினார்.

“நீங்க எழுதினதை வேற யார் படிச்சாலும் அந்த உணர்ச்சி வராதுங்க” என்றாள் அவள், பெருமையோடு.

நாற்பத்திரண்டையும் பிரித்தாயிற்று. பல் இல்லை. நாற்பத்திரண்டையும் அவள் திரும்பச் சுற்றி ஒட்டி முடித்தபோது இரண்டாம் மணி அடித்தது.

மேடையில் நின்ற போதகர் சபையைப் பார்த்தார். வழக்கம்போல ஆளாளுக்குச் சாய வசதியான மூலை பிடித்திருந்தார்கள். முப்பத்தெட்டுப் பக்கங்களையும் ஏக்கத்தோடு ஒருமுறை தடவிக் கொடுத்தார். உதட்டைப் பல்லுக்குப் பதிலாக வைத்து, மெதுவாகச் சொன்னார்:

“வாங்குறதைவிடக் கொடுக்கிறதுதான் சந்தோஷம். ஆமென்.”

உட்கார்ந்துவிட்டார்.

யாரோ இருமினார்கள். கண்ணை மூடியவர்கள் எல்லாம் கண்ணைத் திறந்தார்கள். பிறகு பாட்டு கிளம்பியது பாருங்கள், கூரை ஓடு குலுங்கியது.

ஆராதனை முடிந்து வாசலில் போதகரின் கையைக் குலுக்க வரிசை நின்றது. தையற்காரர் அழுதேவிட்டார். “இப்படி ஒரு பிரசங்கம் என் ஆயுசுல கேட்டதில்லைய்யா.” டிபன் பாக்ஸ் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆளுக்கு ஆள் சிரித்த முகமாகப் போனார்கள். ஒருவர்கூடப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போதகர் நாற்காலியில் சரிந்தார்.

“கேட்டது கிடைக்கலன்னு ஒருத்தர் முகத்துலயும் குறை தெரியலையே. ஆச்சரியமா இருக்கு.”

“கிடைச்சிடுச்சுங்க.”

“கடையிலயா?”

“நம்ம வீட்டுலயே.”

அவள் சீட்டுக் கட்டை அவர் மடியில் வைத்தாள். முதல் சீட்டு தையற்காரருடையது. ‘ஐயா இந்த வருஷமாவது பிரசங்கத்தை அஞ்சு நிமிஷத்தில் முடிக்கணும்.’ அடுத்தது பள்ளிக்கூட வாத்தியாருடையது: ‘சின்னப் பிரசங்கம்.’ ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போனார். கடைசிச் சீட்டில், மணியடிப்பவரின் கோணல் எழுத்தில், ‘மத்தவங்க கேட்டதேதான். நின்னுக்கிட்டே கேக்குற என் முழங்காலுக்காக’ என்று இருந்தது.

போதகர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கைப்பையைத் திறந்து, ஒரு கைக்குட்டையை எடுத்து, சீட்டுகளின் மேல் வைத்துப் பதமாகப் பிரித்தாள்.

உள்ளே, முழு மேல்வரிசையும், அவரைப் பார்த்து இளித்தது.