கம்பவுண்டர் கழுதையின் மருந்து

“ஏனுங்க, அன்புசெல்வி ஊடு இதுங்களா?”

ஸ்கூட்டரை நிறுத்திக் கேட்ட சுபஸ்ரீக்கு வாய் நிறைய வசவு தயாராக இருந்தது. சின்ன வயசிலிருந்து சேர்த்து வைத்த வசவு அது, இன்றுதான் வாங்கிக்கொள்ள ஆள் கிடைத்திருக்கிறது. திருப்பூரிலிருந்து சாமளாபுரம் வரை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டேதான் வந்தாள்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பேப்பரின் சிறுவர் பக்கத்தில் ‘கம்பவுண்டர் கழுதை’ என்று ஒரு படக்கதை வரும். வாரத்துக்கு ஒரு நோயாளி வந்து மூன்று கட்டம் புலம்புவார். நாலாவது கட்டத்தில் கழுதை மருந்து கொடுக்கும், சிரிப்பே அங்கேதான்.

அந்த நாலாவது கட்டத்தை சுபஸ்ரீ ஒரு வாரமும் பார்த்ததில்லை.

அவள் அப்பா தங்கராஜ் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் என்று கிளம்பிப் போய், பொழுது சாய்ந்துதான் வருவார். சட்டைப் பையில் படக்கதைத் துண்டு இருக்கும், கடைசிக் கட்டம் மட்டும் இருக்காது.

“ஓனர் ஊட்டுப் பாப்பா அத மட்டும் கத்தரிச்சு வெச்சுக்குது கண்ணு. மிச்சந்தான் நமக்கு. கழுதை என்ன மருந்து குடுத்திருக்கும், நீயே சொல்லு பாக்கலாம்!”

அவள் வாய்க்கு வந்த மருந்தையெல்லாம் சொல்வாள், அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். ஒற்றைப் பிள்ளை அவள். பணக்காரப் பாப்பா கட்டத்தை வைத்துக்கொள்ளட்டும், அப்பா முழுசாகத் தனக்குத்தான் என்று அப்போதே ஒரு கர்வம்.

அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட, போன வருஷம் அப்பாவும் போய்விட்டார். பீரோவை ஒழித்தபோது ஒரு பனியன் பெட்டிக்குள் துண்டுகள் அத்தனையும் அப்படியே இருந்தன. அழுது தீர்த்தவள், மாலை போட்ட அப்பா படத்துக்கு முன்னால் ஒரு துண்டை வைத்து, படக்கதைப் பிரியர்களின் முகநூல் குழுவில் போட்டாள்: “கடைசிக் கட்டம் யாருகிட்டயாவது இருக்குதுங்களா? எங்கப்பா முன்னாடி ஒரு தடவ முழுசாப் படிச்சுக் காட்டோணும்.”

ஒரே ஒரு பதில் வந்தது. “எங்கிட்ட கடைசிக் கட்டம் மட்டுந்தாங்க இருக்குது. ஊட்டுக்கு வாங்க.”

கடைசிக் கட்டம் மட்டுமாம்! ஓனர் மகளைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்?

ஆனால் வீடுதான் உதைத்தது. தறிக் குடோனை ஒட்டி ஒற்றை அறை ஓட்டு வீடு. ஓனர் நொடித்துப் போயிருப்பார் போலிருக்கிறது என்று நினைத்ததும் வசவில் பாதி காணாமல் போயிற்று.

கதவைத் திறந்த அன்புசெல்விக்கு அவளைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“அப்பா... எப்பத் தவறுனாருங்க?”

“போன தையிலங்க. தூக்கத்துலயே.”

“வலி ஏதும் படலீங்களே?”

“இல்லீங்க.”

மீதி வசவும் அதோடு போயிற்று. அன்புசெல்வி பாயை விரித்து, பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தாள். கட்டங்கள் கொட்டின. சுபஸ்ரீ கொண்டுவந்திருந்த துண்டுகளைப் பக்கத்தில் பரப்பி ஜோடி தேடினாள்.

முதலில், தொப்பை குறைய மருந்து கேட்டவருக்கு ஜோடி கிடைத்தது. கழுதை தன் முதுகு மூட்டையை அவர் முதுகில் ஏற்றி, “சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று” என்கிறது. வாய்விட்டுச் சிரித்த சுபஸ்ரீக்கு அடுத்த நொடியே அழுகை முட்டியது. கூடச் சிரிக்க அப்பா இல்லையே!

“எனக்கு மருந்து மட்டுந்தாங்க தெரியும். நோவு என்னன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்,” என்றாள் அன்புசெல்வி.

அப்போதுதான் சுபஸ்ரீ அந்த ஓரங்களைப் பார்த்தாள். அவள் துண்டில் ஒரு சின்ன வெட்டு, கட்டத்திலும் அதே உயரத்தில் ஒரு சின்ன வெட்டு. ஒவ்வொன்றிலும் அப்படியே.

இத்தனை நாளும் அதைக் குழந்தைக் கையின் கோணல் என்று நினைத்திருந்தாள். பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற அவளுக்கு இப்போது பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பனியனின் முன்துண்டும் பின்துண்டும் ஜோடி மாறாமல் சேரவேண்டும் என்று கட்டிங் மாஸ்டர் இரண்டிலும் போடுகிற அடையாளம் அது.

கையிலிருந்த கட்டத்தைப் பாயில் வைத்தாள்.

“இதெல்லாம் சின்னதுல நீங்க கத்தரிச்சதுங்களா?”

“இல்லீங்க. கத்தரிச்சுத்தான் வரும்.”

“உங்களுது பனியன் கம்பெனிதானுங்களே?”

“கம்பெனிக்கு நாங்க எங்கீங்க போறது? எங்கம்மா இந்தத் தறியிலதான் வேல பாத்தாங்க.”

ஓனர் வீட்டுப் பாப்பா எங்காவது இருந்துவிட வேண்டும், கடவுளே, இருந்துவிட வேண்டும் என்று சுபஸ்ரீயின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. “அப்ப... யாரு கொண்டாந்து குடுத்தாங்க?”

அன்புசெல்வி எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“குடிங்கக்கா. நீங்க ஒருநா தேடி வருவீங்கன்னு அப்பா சொன்னாரு.”