பில் போடாத பெட்டி

மாத்திரை அவள் உதட்டைத் தொடுவதற்குள் அவர் கை குறுக்கே பாய்ந்தது.

"கீழ போடு அதை!"

மருந்துக்கடையே திரும்பிப் பார்த்தது. பில் மெஷின் முன்னால் கடைக்காரரின் மனைவி. கையில் ஐபுப்ரோஃபென் வலி மாத்திரை.

தலை வலித்தால் கைக்கு எட்டும் ஸ்டிரிப்பைக் கிழித்துக் கடலை மாதிரி வாயில் எறிந்துகொள்வது அந்தக் கடைக்காரர்களின் பழக்கம். யாரும் தடுத்ததில்லை.

"தலை வெடிக்குதுங்க. என்ன புதுசா?"

"புதுசுதான். கர்ப்பத்துல இது ஆகாது. மாசம் ஏற ஏறக் குழந்தையோட கிட்னிக்கும் இதயத்துக்கும் ஆபத்து. தேவைன்னா பாராசிட்டமால். அதையும் டாக்டரைக் கேட்டுட்டுப் போடு."

கவுன்டரில் தினமும் சொல்வதுதான். சொந்த மனைவிக்கென்றதும் குரல் கொஞ்சம் குழைந்தது.

மிச்ச ஸ்டிரிப்பை, அலமாரி அடுக்கிக்கொண்டிருந்த விற்பனைப் பெண்ணிடம் நீட்டினார். காலையிலிருந்து இடுப்பைப் பிடித்தபடி நடக்கிறாள், பாவம். "இந்தாம்மா, நீ ஒண்ணு போட்டுக்க."

அவள் வாங்கிக்கொண்டாள்.

மனைவி முறைத்தாள். "கர்ப்பமா? யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஸ்டாக் பார்த்தேன். கர்ப்பம் பாக்குற கிட்டுல ஒரு பெட்டி குறையுது. பில் இல்ல. என்கிட்டயே மறைக்கிறியா, கள்ளி?"

மூன்றாவது முறை அப்பாவாகப் போகும் மிதப்பில் மீசையை நீவிக்கொண்டார்.

"துப்பறியும் சிங்கமே, நான் எந்தப் பெட்டியையும் எடுக்கல."

மீசை மேல் இருந்த விரல் அப்படியே நின்றது.

அந்த அலமாரியில் கை வைக்க இன்னும் ஒரே ஒரு ஆள்தான்.

பின்னால் தண்ணீர் பாட்டிலின் மூடி திருகும் சத்தம்.

"அம்மா தாயே, முழுங்கிடாத!" கவுன்டரில் முழங்கை இடிக்கத் திரும்பினார்.

விற்பனைப் பெண் நிதானமாகத் தண்ணீரை மட்டும் குடித்தாள். ஸ்டிரிப் இன்னொரு மாத்திரை குறையாமல் அதற்குரிய டிராயருக்குத் திரும்பியிருந்தது.

"மருந்து விஷயம் நீங்க சொன்னது சரிதாண்ணா. ஆளுதான் தப்பு."

மனைவி தலைவலியை மறந்து எழுந்தாள்.

ஒன்பது வருடமாக, வந்து கேட்ட பெண்களுக்கெல்லாம் அந்தப் பெட்டியை எடுத்துக் கொடுத்தவள், முதல் முறையாகத் தனக்கென்று ஒன்று எடுத்திருந்தாள்.