ஏகமனதாக

மெதுவடை வந்துவிட்டது. அப்படியென்றால் கடன் பாஸ்.

பத்தொன்பது வருடமாக இந்த வங்கியில் இதுதான் வழக்கம். இடர் மேலாண்மைத் தலைவர் என்பதால் முதலில் அவரைப் பேசவிடுவார்கள். அவர் வேண்டாம் என்பார். தலையாட்டிக் கேட்பார்கள். பிறகு வடை வரும்.

இன்றைக்கு எண்பது கோடி. ஏரிக்குள் அடுக்குமாடி.

"பதினோரு வருஷமா அங்க தண்ணியே நிக்கலையே சார்," என்றார் சேர்மன்.

அறுபது வருடமாகச் சாகாதவன் இனிமேலும் சாகமாட்டான் என்பதுபோல. இடர் மேலாண்மைத் தலைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நில வரைபடத்தைக் காட்டினார். பழைய வெள்ளத்தின் புகைப்படத்தைக் காட்டினார். மூழ்கப்போவது ஊர்ச் சனங்களின் டெபாசிட் என்றார்.

செவிடன் காதில் ஊதிய சங்கு.

எழுந்து போகும்போது சேர்மன் அவர் தோளில் தட்டினார். இடர் பற்றி அவர் எழுதிய புத்தகம் பிரமாதமாம். மூன்றாம் பதிப்பாமே. அவருடைய பணி நீட்டிப்புக் கோப்பும் மேஜைக்கு வந்துவிட்டதாம். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாராம்.

இரண்டு வருடச் சம்பளம். மகளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை.

அறை காலியானது. கூட்டக் குறிப்பு எழுதும் பூங்கோதை மட்டும் நின்றாள்.

கையில் இரண்டு இருந்தன. ஒன்று, அவர் கையெழுத்துப் போடவேண்டிய தீர்மானம். இன்னொன்று, அந்தப் புத்தகம். காசு கொடுத்து வாங்கி, அவர் கையெழுத்துக்காகக் கொண்டுவந்திருக்கிறாள். இந்தக் கட்டடத்தில் மற்ற எல்லோருக்கும் ஓசிப் பிரதிதான்.

ஆறாம் அத்தியாயத்தில் ஒரு வரிக்குப் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

'வாயால் சொன்ன மறுப்பு காற்றோடு போகும். எழுது.'

எத்தனையோ மேடைகளில் கைதட்டு வாங்கிய வரி.

தீர்மானத்தில் ஒரு வார்த்தைக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"வழக்கம்போல ஏகமனதாகன்னே போட்டுரட்டுமா சார்?"

இத்தனை வருடமும் யார் கேட்டாலும் 'போடுங்க' என்றுதான் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் எல்லோரையும் திட்டியிருக்கிறார்.

இன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

புத்தகத்தில் கையெழுத்துப் போடவில்லை. மூடி ஓரமாக வைத்தார். தீர்மானத்தை வாங்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

பேனாவைத் திறந்தார்.

"எனக்குக் கொஞ்சம் நேரமாகும்மா. நீ போய் வடையைச் சாப்பிட்டு வா."